பரிவின் இரண்டு குரல்

“வாங்க டீச்சர். நேத்து நல்லாத் தூங்குனீங்களா?” என்று நாற்காலி கேட்டதும், உட்காரப் போன செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த நாற்காலி அதுவரை அவளை “சார்” என்றுதான் அழைத்துவந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அரசாங்க அட்டைகளில் அவள் பெண். கோவில்பட்டி அம்மனின் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டு அவள் பெண்ணாக வாழத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவள் டயாலிசிஸுக்கு வந்துபோகும் குருதித்தூய்மை நிலையத்தின் பதிவில் மட்டும் ‘ஆண்’ என்ற பழைய பாலினமே ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் பால் என்று ஒரு கட்டமும் அதில் உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தால் ‘போதிய தரவு இல்லை’ என்று சொல்லிவிட்டு, கருவி மறுபடி ஆண்களுக்கான பேச்சுக்கே திரும்பிவிடும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு நாளில், யாரோ எங்கோ அதை மாற்றிவிட்டார்கள்.

“தூங்குனேன்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசி ஏற்ற வந்த செவிலி ஜெபராணி அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சிரித்தாள்.

நாற்காலியின் தலைப்பக்கத்தில் பதிந்திருந்த அந்தக் கருவிக்குப் பரிவுரைப்பான் என்று பெயர். எல்லோரும் பரிவு என்பார்கள். உட்கார்ந்திருப்பவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஒலியைக் குவித்துப் பேசும். பக்கத்து நாற்காலிக்கு முணுமுணுப்புக்கூட எட்டாது. ஒரே எச்சரிக்கையை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி சொன்னால் ஒரே பலன் கிடைப்பதில்லை என்ற கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது அது. தண்ணீரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால் ஆண்கள் கேட்பதில்லை. எண்ணைச் சொல்லிச் சவால் விட்டால் கேட்கிறார்கள். பெண்கள் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தாலும் ‘ஒண்ணுமில்ல’ என்று மறைக்கிறார்கள். பக்குவமாக விசாரித்தால் சொல்கிறார்கள். லட்சக்கணக்கான உரையாடல்களைக் கேட்டுக் கற்ற பரிவு, யாரிடம் எதை எப்படிச் சொன்னால் பலன் உண்டோ அப்படியே சொன்னது. அது வந்த பிறகு சாவு குறைந்தது. அதனால் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். மனிதர் வாயில் தொனி பிசகிவிடும் என்று அதற்கு விதியே இருந்தது.

முதல் சில வாரங்கள் வல்லிக்குத் திருவிழா போலப் போயின. “வெயில்ல நடந்தா வந்தீங்க? முகமெல்லாம் சோர்ந்திருக்கே,” என்று பரிவு கேட்கும். இரத்த அழுத்தம் இறங்கும்போது, “கண்ணு இருட்டுதுன்னா மறைக்க வேண்டாம், எங்கிட்ட சொல்லுங்க,” என்று சொல்லும். ஒருநாள், “இன்னைக்கு மாதவிலக்கு நாளா டீச்சர்? ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்தைக் குறைக்கணும்,” என்று கேட்டது. வல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லப்பா, இல்ல,” என்றாள். அன்று மாலை முழுதும் அந்தச் சிரிப்பு அவளோடு இருந்தது.

பிறகுதான் அவளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது.

“இந்த வாரம் பொட்டாசியம் எவ்வளவு?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் கூடியிருக்கு. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. பழம் மட்டும் பாத்துச் சாப்பிடுங்க.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“சரிபண்ணிடலாம் டீச்சர். நீங்க அதை நினைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.”

வல்லி ‘சார்’ ஆக இருந்தபோது உட்கார்ந்த உடனே எல்லா எண்ணும் வந்து விழும். ‘பொட்டாசியம் ஆறு. போன வாரத்தைவிட மோசம். இப்படியே போனா இதயம் நிக்கும் சார்’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். அப்போது அவளுக்குக் கோபமாக இருக்கும். ஆனால் தெரிந்திருந்தது.

எண்களைக் காட்டிலும் பெரிய ஒன்றும் காணாமல் போயிருந்தது. பதிவு மாறுவதற்குச் சற்று முன்னால் பரிவு அவளிடம் வளர்சிறுநீரகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. நோயாளியின் தோலிலிருந்து செல்களை எடுத்து, வளர்கலம் என்னும் கண்ணாடிப் பேழையில் அவருக்கே உரிய சிறுநீரகத்தை வளர்க்கும் முறை அது. வளர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். வளர்கலங்கள் குறைவு என்பதால் யாரிடம் எப்போது அந்தப் பேச்சைத் தொடங்குவது என்பதைப் பரிவே தீர்மானித்தது. நோயாளி ஒப்புக்கொண்டால்தான் பெயர் மருத்துவருக்குப் போகும். ‘உங்க உடம்பு தகுதியா இருக்கு சார். அடுத்த கலம் காலியானதும் பேசுவோம்’ என்று சொல்லியிருந்தது.

டீச்சர் ஆன பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளே கேட்டாள். பரிவு கனிவாகப் பதில் சொன்னது.

“அது பெரிய முடிவு டீச்சர். நிதானமாப் பேசலாம். வீட்டுல யார்கிட்டயாவது கலந்துக்கிட்டீங்களா?”

“வீட்டுல நான் மட்டும்தான்.”

“அப்படின்னா இன்னும் நிதானமாப் பேசலாம்.”

அடுத்த முறையும் அதே பதில். அதற்கடுத்த முறை அவள் கேட்டபோது, பேச்சைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பக்கம் திருப்பியது. அந்தத் திருப்பத்தை அவள் கவனித்தாள். இவ்வளவு நாளும் தன் மேல் அக்கறை என்று நினைத்தது வேறு ஏதோ என்று அப்போதுதான் முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது. தான் சொல்வதையெல்லாம் அது எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்தது. அன்றிலிருந்து அதனிடம் அளந்து பேசத் தொடங்கினாள்.

பக்கத்து நாற்காலியில் வேலுத்தாய். கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற பிரிவில் வேலை பார்த்தவள், வல்லிக்கு முன்பிருந்தே டயாலிசிஸுக்கு வருகிறவள்.

“வேலுத்தாயி, வளர்சிறுநீரகம்னு பரிவு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கா?”

“அப்படின்னா?”

வல்லி விளக்கினாள். வேலுத்தாய் குழாய் மாட்டிய கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

“எங்கிட்ட அதெல்லாம் சொல்லுததில்ல டீச்சர். மருமக சண்டை போடுதாளா, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேக்கும். அதுவே நல்லாத்தான் இருக்கும். வேற யாரு நம்மகிட்ட கேக்கா.” பிறகு எதிர்ப்பக்கம் பார்த்துச் சொன்னாள்: “எதுத்தாப்புல இருக்காரே லாரிக்காரரு, அவருக்குச் செல் எடுத்துட்டாகளாம். அவரு பெரிய இடம், அதான்னு நெனச்சேன்.”

லாரிக்காரர் டயாலிசிஸுக்கு வரத் தொடங்கியது அந்த வருடம்தான்.

வல்லி ஜெபராணியைத் தனியாகப் பிடித்தாள். ஜெபராணி முதலில் நழுவப் பார்த்தாள்.

“நாங்க பேசக்கூடாது டீச்சர். தொனி மீறல்னு போட்டுருவாங்க.”

“தொனியெல்லாம் வேண்டாம். உள்ளதை மட்டும் சொல்லுங்க. பொம்பளைங்ககிட்ட அது ஏன் கேக்க மாட்டேங்குது?”

ஜெபராணி கையுறையைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆரம்பத்துல எல்லார்கிட்டயும் கேட்டுச்சு. ஆம்பளைங்க உடனே சரின்னாங்க. பொம்பளைங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன்னாங்க. அவருக்கு லீவு கிடைக்காது, பிள்ளைக்குப் பரீட்சை, ஆபரேஷன் பண்ணிப் படுத்துக்கிட்டா யாரு பொங்குறதுன்னாங்க. வீட்டுல போய்க் கேட்டுட்டு அழுதுக்கிட்டு வந்தாங்க. அந்த வாரமெல்லாம் பிரஷர் தாறுமாறா ஓடும். கேட்டா மனசு கலங்குது, சம்மதமும் கிடைக்கலன்னு அது கத்துக்கிச்சு. அப்புறம் கேக்குறதை விட்டுருச்சு. யாரும் அதுக்கு அப்படிச் சொல்லிக்குடுக்கல டீச்சர். நம்ம வீடுகள்தான் சொல்லிக்குடுத்துச்சு.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“பொம்பளைங்க யாரும் விரும்புறதில்லன்னு அவருக்குத் தெரியும்,” என்றாள் ஜெபராணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கு ஒரு வழி இருக்கு. உங்களை ஆணா நினைச்சுப் பேசணுமா பெண்ணான்னு, அந்தப் பேச்சுப்பாலை நோயாளியே மாத்திக்கலாம். அது இப்பப் புதுசா வந்த சட்டம். உங்களை மாதிரி ஆளுங்க போராடித்தான் அந்தச் சட்டமே வந்துச்சு. ஆண்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

வல்லி வீட்டுக்குப் போனாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையை உடம்பிலிருந்து உரித்துப்போட அவள் வீட்டை இழந்திருந்தாள், அண்ணனை இழந்திருந்தாள், முதல் வேலையை இழந்திருந்தாள். இப்போது ஓர் இயந்திரத்தின் காதில் அதை மறுபடி சொல்ல வேண்டும். இயந்திரம்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த இயந்திரம் “டீச்சர்” என்றபோது தான் அழுததை அவளால் மறக்க முடியவில்லை.

இரண்டு டயாலிசிஸ் அவள் சொல்லவில்லை. மூன்றாவது முறை இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கியவள் கண்விழித்தபோது ஜெபராணி அவள் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“ஒண்ணுமில்ல டீச்சர், கொஞ்சம் தலை சுத்திடுச்சு,” என்றது பரிவு.

“பேச்சுப்பாலை மாத்து,” என்றாள் வல்லி. “ஆண்.”

“உறுதியாகச் சொல்கிறீர்களா?”

“ஆமா.”

பரிவின் குரல் தடித்தது. “வணக்கம் சார். அழுத்தம் எழுபதுக்குக் கீழ போயிடுச்சு. இதயத்துக்கு நல்லதில்ல. வளர்கலம் ஒண்ணு இந்த மாதம் காலியாகுது. செல் எடுக்கச் சம்மதமா?”

“சம்மதம்.”

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. வல்லி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலுத்தாயிடம் சொன்னபோது அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“நான் ஆம்பளைன்னு சொல்லணுமா? எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா நல்லாச் சிரிச்சிருப்பாரு.”

ஆனாலும் சொன்னாள். சொல்லிவிட்டு எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து இறங்கியது.

“என்ன சொல்லுது?” என்று வல்லி கேட்டாள்.

“இன்னைக்கே எடுக்கலாமான்னு கேக்குது. வீட்டுல கேட்டியான்னு கேக்கல டீச்சர். மகன் என்ன சொல்லுதான்னு கேக்கல.” வேலுத்தாய் முந்தானையைக் கீழே விட்டாள். “என்னைய மட்டும் கேக்குது.”

அவள் அன்றே சம்மதித்தாள். செல் எடுத்த பிறகுதான் மகனுக்கே தெரியும்.

விஷயம் நாற்காலிக்கு நாற்காலி பரவியது. ஒவ்வொரு பெண்ணாகச் சார் ஆனாள். பூ வைத்துக்கொண்டு வருகிறவர்கள், மூக்குத்தி போட்டவர்கள், எல்லோரும் சார். ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக் கேலி பேசிக்கொண்டார்கள். எண்களைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் இருந்ததில்லை. பக்கத்து ஊர்களிலும் பெண்கள் இதையே செய்வதாகச் செய்தி வந்தது. இரத்த அழுத்தம் சீராகட்டும் என்று வல்லிக்குச் செல் எடுக்கச் சற்றுத் தள்ளி நாள் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு முன்பே பிரிஸில்லாவுக்கு அப்படி ஆகிவிட்டது.

கல்லூரியில் படிக்கிற பெண். அவளும் சார் ஆகியிருந்தாள். அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். ஆண்களுக்கான பேச்சில் அந்தக் கேள்வி கிடையாது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் முழு அளவில் உள்ளே போயிற்று. டயாலிசிஸ் முடியும் தறுவாயில் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருப்பதைப் பார்த்து ஜெபராணி போர்வையை விலக்கினாள். நாற்காலி மெத்தை நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். வல்லி பார்க்கப் போனபோது பிரிஸில்லா பலவீனமாகச் சிரித்தாள்.

“எப்பவும் அதுதான மிஸ் கேக்கும். அது கேக்கல. நானும் சொல்லல.”

“என்னாலதான்,” என்றாள் வல்லி.

“இல்ல மிஸ். என் பொட்டாசியம் எவ்வளவுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்,” என்றாள் அந்தப் பெண். அது வல்லிக்கு ஆறுதலாக இல்லை. தான் சந்தேகப்பட்ட அந்த அக்கறையில் பாதி உண்மையான அக்கறை என்பது இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்திருந்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக மாறின. நோயாளியே பேச்சுப்பாலை மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தினார்கள். மாதவிலக்குக் கேள்வியை உடற்பதிவோடு இணைத்தார்கள். அது நல்ல மாற்றம்தான். இனி யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், பரிவே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அதன் மூளையைத் திருத்தினார்கள். ஒருவர் வாக்கியத்தை எப்படித் தொடங்குகிறார், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு தயங்குகிறார், எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கிறார், தன்னைச் சொல்வதற்கு முன்னால் யாரையெல்லாம் சொல்கிறார் என்று கவனித்து, அவரிடம் எந்தப் பேச்சு பலிக்கும் என்று அது தானே கணிக்கும். தவறான பேச்சுப்பாலில் சொல்லப்பட்ட ஒப்புதல்கள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். ஏற்கெனவே செல் எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

திருத்தம் வந்த பிறகு வல்லி முதல் முறையாகப் போய் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்கோ, பஸ் தாமதம்,” என்றாள் பழக்கத்தில்.

“பரவாயில்ல டீச்சர். மூச்சு வாங்குது பாருங்க. மெதுவா உக்காருங்க.”

வல்லியின் உடம்பு சிலிர்த்தது. இந்த முறை யாரும் அதனிடம் சொல்லவில்லை. சான்றிதழ் காட்டவில்லை. பதிவைத் திருத்தவில்லை. அவள் பேசியதைக் கேட்டு, கேட்டதை வைத்து மட்டுமே அது அவளைப் பெண் என்று கண்டுகொண்டது. பெற்ற தாய்கூடச் செய்யாத காரியம். ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்துத்தான் கேட்டாள்.

“என் செல் எடுக்குற நாள்?”

“அதை நிதானமாப் பேசலாம் டீச்சர்.”

பக்கத்தில் வேலுத்தாய் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். “நம்பரைச் சொல்லு மொதல்ல. நீட்டி முழக்காத.” பிறகு வல்லியின் பக்கம் திரும்பினாள். “என்னைய இன்னமும் சாருங்குது டீச்சர். நான் ஒண்ணும் சொல்லல. அதுவாவே சொல்லுது.” அவளுடைய சிறுநீரகம் எங்கோ ஒரு கண்ணாடிப் பேழையில் வளர்ந்துகொண்டிருந்தது. எதையும் யாரையும் கேட்டுச் செய்யும் வழக்கத்தை வேலுத்தாய் எப்போதோ விட்டுவிட்டாள்.

வல்லி மாற்றிப் பேசிப் பார்த்தாள். குரலைத் தடிப்பாக்கினாள். பரிவு தொண்டைக்கட்டா என்று விசாரித்தது. வெடுக்கென்று பேசினாள். மனசு சரியில்லையா என்றது. மென்மையாகப் பேசுவது அவள் தேடித் தேடிச் சேர்த்த சொத்து. இப்போது கழற்றி வைக்க முயன்றால் கழலவில்லை. அவளுக்கு ஒதுக்கியிருந்த கலம் வேறு ஒருவருக்குப் போயிற்று.

கடைசியில் ஒரு காலை அவள் மாடிக்கு ஏறிப் போய் மருத்துவர் தங்கதுரையின் அறைக் கதவைத் தட்டினாள். நோயாளிகள் அங்கே வருவதில்லை. அவர் எழுந்தே நின்றுவிட்டார். நல்ல மனிதர், ஆனால் நோயாளியிடம் நேரில் பேசி நீண்ட காலம் ஆகியிருந்தது. கை தானாகவே மேசைத் திரையைத் தன் பக்கம் திருப்பியது. என்ன பேசுவது என்று எடுத்துக்கொடுக்க அங்கேயும் பரிவு இருந்தது. அவருக்குப் பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் அதன் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. பிள்ளைகள் திருப்பிப் போட்டு எழுதுவதையெல்லாம் படித்துப் பழகிய வல்லிக்கு அவற்றைப் படிப்பது கஷ்டமாக இல்லை. *பெண். உட்காரச் சொல்லுங்கள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.*

“உக்காருங்க டீச்சர்,” என்றார் மருத்துவர். “கூட யாரு வந்திருக்காங்க?”

வல்லி உட்காரவில்லை. எவ்வளவோ சொல்லத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் மறந்துபோனது.

“யாரும் வரல. நான் வந்திருக்கேன்,” என்றாள். “எனக்குச் சிறுநீரகம் வேணும். சம்மதம். நாள் சொல்லுங்க.”

மருத்துவரின் பார்வை திரைக்குப் போனது. கண்ணாடியில் எழுத்துகள் அழிந்தன. வேறு எழுத்துகள் வந்தன. அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. பேசத் தெரிந்த பேச்சு கிடைத்துவிட்ட நிம்மதி.

“தாராளமா. உங்க உடம்பு அதுக்குத் தகுதியாத்தான் இருக்கு,” என்றார். “வர்ற வியாழக்கிழமை ஒரு கலம் காலியாகுது. செல் எடுத்துடலாம் சார்.”

புடவையும் பொட்டுமாக அவர் எதிரே நின்ற வல்லி, அவரைத் திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். திரை அவள் பேசுவதற்காகக் காத்திருந்தது.

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று மட்டும் கேட்டாள்.